தீவகத்தில் கடைசி நாள்: நெடுந்தீவா, நயினாதீவா, கசூரினாவா, சாட்டியா?

ஆவணி லீவுக்கும் மார்கழி லீவுக்கும் கொழும்பிலிருந்தும் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் பக்கமிருந்தும் குடும்பம் குடும்பமாக ஊருக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள். நாளைக்கு இரவு பஸ், பகல் முழுக்கக் கிடக்கிறது, எங்கே போகலாம்? உடனே ஒருவர் நெடுந்தீவு என்பார், இன்னொருவர் கசூரினா என்பார், மாமி நயினாதீவு அம்மனிடம் இன்னும் போகவில்லையே என்று ஞாபகப்படுத்துவார், பிள்ளைகளுக்குக் கடல் என்றால் எதுவும் சரி, அரை மணித்தியாலத்துக்குள் அது ஒரு சின்னச் சண்டையாகவே வந்துவிடும். நான் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிற ஆள் என்பதால் வருகிற சொந்தக்காரருக்கு இதற்குப் பதில் சொல்லுகிற பொறுப்பு என் தலையில்தான் விழுகிறது. அதனால் நினைப்பதை ஒரேயடியாக எழுதி வைத்துவிடுகிறேன்.

கடைசி நாளுக்கு இடம் பார்க்கும்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று: அங்கேயிருந்து நினைத்த நேரத்துக்கு வீட்டுக்கு வரலாமா? அன்றைக்குத்தான் கடைக்குட்டிக்குக் காய்ச்சல் காயும், அன்றைக்குத்தான் அம்மம்மாவுக்குத் தலை சுற்றும், இவ்வளவு நாளும் வராத பெரியம்மா அன்றைக்குத்தான் பலகாரப் பொதியோடு ஓட்டோவில் வந்து இறங்குவார். ரோட்டால் போன இடம் என்றால் வானைத் திருப்பிக்கொண்டு வரலாம். கடலால் போன இடம் என்றால் படகு எப்போது வெளிக்கிடுகிறதோ அப்போதுதான் வரலாம்.

இந்தக் கணக்கில் தீவகம் தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடும். பண்ணைத் தாம்போதியில், அதாவது கடலுக்குக் குறுக்கே போட்ட வீதியில், ஏறினால் வேலணை, அங்கேயிருந்து இன்னொரு தாம்போதியால் புங்குடுதீவு. பொன்னாலையில் ஏறினால் காரைநகர். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு நான்கிற்கும் படகுதான். கடைசி நாளில் தாம்போதி உள்ள தீவுகளோடு நின்றுகொள்ளுங்கள் என்பதுதான் என் வாதம். மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்.

நெடுந்தீவை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் எப்போதும் அதற்குத்தான் வாக்கு அதிகம். அதில் நியாயமும் இருக்கிறது. கிட்டத்தட்ட 50 சதுர கிலோமீற்றர் உள்ள தீவு, வளவுக்கு வளவு பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய மதில்கள், இடிந்து நிற்கிற ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, அடி பருத்த பெருக்கமரம், வெளியில் தன்பாட்டில் மேய்கிற மட்டக்குதிரைகள், இவற்றை ஒருமுறை காட்டினால் பிள்ளைகள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஆனால் போகிற வழியை யோசியுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வானில் ஒரு மணித்தியாலம், அங்கேயிருந்து படகில் இன்னொரு மணித்தியாலம். காலையிலேயே துறைக்குப் போய்க் காத்திருக்க வேண்டும், படகுக்குள் இறங்கி இருந்தால் எஞ்சின் சூடும் டீசல் மணமும், மேலே நின்றால் வெயிலும் உப்புத் தண்ணியும். தீவில் இறங்கினால் நடந்து பார்க்கிற தூரம் இல்லை, ஓட்டோ அல்லது பிக்கப் பிடிக்க வேண்டும், நிழல் குறைவு. மத்தியானம் ஆகும்போது பெரியவர்கள் களைத்துவிடுவார்கள், பிள்ளைகள் தண்ணி தண்ணி என்பார்கள், பின்னேரப் படகு வரும்வரை துறையடியில் காவல் இருக்க வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய விஷயம் காற்று. ஆவணி லீவு தென்மேற்கிலிருந்து அடிக்கிற நல்ல சோளகக் காற்றுக்குள் வருகிறது, மார்கழி லீவு வடகிழக்கு வாடைக்கும் மழைக்கும் தாழமுக்கத்துக்கும் இடையில் வருகிறது. அதாவது எங்கள் சனம் ஊருக்கு வருகிற இரண்டு காலமும் நெடுந்தீவுக் கடலை நம்ப முடியாத காலங்கள். காற்று கூடினால் படகை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தின பிறகு உங்களுக்கு இரவு பஸ் இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்லுவது? நெடுந்தீவுக்குக் கட்டாயம் போங்கள், வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ போங்கள், முடிந்தால் ஒரு இரவு தங்குங்கள். மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து அந்தத் தீவைச் சுற்றுவது அந்தத் தீவுக்கே செய்கிற அநியாயம் என்பது என் எண்ணம். குதிரைகள் உங்கள் நேரத்துக்கு வந்து நிற்காது, அவை நிற்கிற இடத்தைத் தேடிப் போய், வானை நிற்பாட்டி, பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். அதற்கு ஆறுதலான நாள் வேண்டும்.

நயினாதீவு வேறு கதை. அதே குறிகட்டுவானில் ஏறினாலும் படகில் கால் மணி, இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம், படகுகளும் அடிக்கடி ஓடும். நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு, கொஞ்சம் தள்ளியிருக்கிற நாகவிகாரையையும் பார்த்து, அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் சாப்பிட்டு வந்தால் மனதுக்கு நிறைவாக இருக்கும். ஒரு நேர்த்தி இருக்கிறது, அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் பிளேன் ஏறுவேன் என்று வீட்டில் ஒரு வயதானவர் சொன்னால் நான் எதிர்த்துக் கதைக்க மாட்டேன், அந்த ஆசை எந்த ஒப்பீட்டுக்கும் மேலே. ஆனால் விடிய ஆறு மணிக்கே வெளிக்கிடுங்கள். பௌர்ணமி லீவான போயா நாளிலும் நீண்ட வாரவிடுமுறையிலும் தெற்கிலிருந்து வருகிற யாத்திரை பஸ்கள் குறிகட்டுவான் வீதியில் வரிசையாக நிற்கும், படகுக்கு நிற்கிற வரிசை வெயிலுக்குள் நீளும், கைக்குழந்தையோடு அதில் நிற்பது பெரிய சிரமம். அதனால் கலண்டரில் போயா எப்போது என்று பார்த்த பிறகு முடிவு எடுங்கள். அம்மன் கோவில் ஆனித் திருவிழாக் காலத்திலும் இதே சனம்தான்.

சரி, மிஞ்சுவது ரோட்டால் போகிற கடல்: காரைநகர்க் கசூரினா, வேலணைச் சாட்டி. உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

அழகில் கசூரினாதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளை மணல், கரையோரம் சவுக்கு மரங்கள், கனதூரம் நடந்தாலும் ஆழம் குறைவான தண்ணி, நீந்தத் தெரியாத பிள்ளையையும் பக்கத்தில் நின்றுகொண்டு இறக்கலாம். பொன்னாலைத் தாம்போதியால் போகிற அந்தப் பாதையே ஒரு சுகம், இரண்டு பக்கமும் ஆழமில்லாத களப்பு, குளிர்காலத்தில் என்றால் வெளியிலிருந்து வந்த பறவைகள் கூட்டமாக நிற்கும். ஈழத்துச் சிதம்பரம் என்று சொல்லுகிற சிவன் கோவிலும் காரைநகரில்தான் இருக்கிறது, போகிற வழியில் கும்பிடலாம். ஆனால் கசூரினா வடக்குப் பார்த்த கரை. சோளகக் காலத்தில் குளம்போல அடங்கிக் கிடக்கிற அதே கடல் வாடை அடிக்கிற மார்கழியில் கலங்கி அலை எழும்பி நிற்கும், அப்போது சின்னப் பிள்ளைகளை இறக்க எனக்கு மனம் வராது. சனி, ஞாயிறு என்றால் பஸ் பஸ்ஸாகச் சனம், பாட்டுச் சத்தம், வாகனம் நிறுத்த இடமில்லை. தூரமும் கொஞ்சம் இருக்கிறது, யாழ் நகரத்திலிருந்து முக்கால் மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்போது ஈர உடுப்போடு அதே முக்கால் மணித்தியாலம்.

சாட்டி கிட்ட. பண்ணையில் ஏறி ஊர்காவற்றுறை வீதியால் அல்லைப்பிட்டி, மண்கும்பான் தாண்டினால் வந்துவிடும், அரை மணித்தியாலம்கூடத் தேவையில்லை. பண்ணைத் தாம்போதியில் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணிக்குள் தடி தடியாக நட்டு வலை கட்டியிருப்பதைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அது களங்கட்டி. ஓடுகிற மீன் வலையின் வழியே போய் உள்ளே மாட்டிக்கொள்ளும், காலையில் தொழிலாளி இடுப்பளவு தண்ணியில் நடந்து போய் அள்ளிக்கொண்டு வருவார். வானைக் கொஞ்சம் மெதுவாக விடச் சொன்னால் அதையே காட்டிக்கொண்டு போகலாம். சாட்டியில் மணல் கசூரினா அளவுக்கு வெள்ளையில்லை, சில நாளில் சாதாளை என்கிற கடற்புல் ஒதுங்கிக் கிடக்கும், அதைக் கண்டு வெளிநாட்டுப் பிள்ளைகள் முகம் சுழிப்பதும் உண்டு. ஆனால் கிழமை நாளில் காலை நேரம் போனால் கரை கிட்டத்தட்ட உங்களுக்கு மட்டும்தான். அந்த மணல் பக்கத்துக்கு இன்னொரு பெருமையும் இருக்கிறது, மழைத் தண்ணியை மணல் உறிஞ்சி வைத்துக்கொள்வதால் கடலுக்குப் பக்கத்திலேயே அங்கே நல்ல தண்ணிக் கிணறுகள், குடிக்கத் தண்ணி இல்லாத தீவகச் சனத்துக்கு அந்தக் கிணறுகள் எவ்வளவோ காலம் கை கொடுத்திருக்கின்றன. சிந்தாத்திரை மாதா கோவிலும் சாட்டியில்தான், கடலில் போகிறவர்கள் நல்லபடி போய்ச் சேர வேண்டும் என்று மன்றாடுகிற மாதா, பயணம் போகிற நாளில் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருகிற சைவக் குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன்.

இந்த இரண்டுக்கும் இடையில் எனக்குச் சாட்டியைத் தீர்மானிக்கிற விஷயம் கேட்கச் சின்னதாக இருக்கும்: ஈர உடுப்பு. கடைசி நாளில் கடலுக்குப் பின்னேரம் போனால் உப்பும் மணலும் ஒட்டின துவாய்களை ஈரத்தோடு பொலித்தீன் பையில் கட்டி சூட்கேசுக்குள் வைக்க வேண்டி வரும், அது ரொறன்ரோவில் போய்த் திறக்கும்போது என்ன மணம் மணக்கும் என்று சொல்லத் தேவையில்லை. விடிய ஆறரைக்குக் கடலில் இறங்கி ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டால், பத்து மணிக்கு எல்லாவற்றையும் கிணற்றுத் தண்ணியில் அலசிக் கொடியில் போட்டுவிடலாம், எங்கள் வெயிலுக்கு இரண்டு மணிக்குள் மொறுமொறு என்று காய்ந்துவிடும். கசூரினாவுக்கும் இப்படிப் போகலாம்தான், ஆனால் சின்னப் பிள்ளைகளை விடிய ஐந்தரைக்கு எழுப்பி வெளிக்கிடுத்த வேண்டும், லீவின் கடைசி நாளில் அதை யார்தான் செய்வார்கள்?

வேலணையையும் காரைநகரையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் பாதை என்று சொல்லுகிற மிதவைப் படகில் கடக்கலாம், வானையும் ஏற்றலாம், நடுக்கடலில் நிற்கிற கடற்கோட்டையைத் தூரத்திலிருந்து பார்க்கலாம். பாதை ஓடுகிறதா என்று முதலில் விசாரித்துவிட்டுப் போங்கள். கடைசி நாளுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

காலைக் கடலுக்குப் பிறகு மிச்சப் பகலை வீட்டில் வையுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வீட்டில் இருக்கிற ஒரு பகல் வீணாய்ப் போன பகலாகத் தெரிகிறது, அங்கேதான் நான் அவர்களோடு முரண்படுகிறேன். வந்த நாள் தொடக்கம் கோவில், கலியாண வீடு, சொந்தக்காரர் வீடு என்று ஓடினதில் அம்மம்மாவோடு அரை மணித்தியாலம் சேர்ந்தாற்போல இருந்து கதைத்திருக்க மாட்டார்கள். அந்த நேரத்தை உண்டாக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி கூழ் காய்ச்சுவது.

சாட்டியால் வரும்போது பண்ணை மீன் சந்தையில் வானை நிறுத்தி நண்டு, இறால், கணவாய், ஒரு நல்ல மீன் தலை வாங்கிக்கொள்ளுங்கள். நண்டை எடுத்துக் கையில் பாரத்தைப் பாருங்கள், பாரமான நண்டில்தான் சதை இருக்கும். வீட்டில் ஒடியல் மாவை, அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவை, தண்ணியில் ஊறப்போட்டு மேலே நிற்கிற தண்ணியை வடித்து ஊற்ற வேண்டும், அப்போதுதான் கசப்புப் போகும். பெரிய பானையில் பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயிற்றங்காய், கொஞ்சம் அரிசி முதலில் அவிய வேண்டும், பிறகு மீன் தலையும் நண்டும் இறாலும், அதற்குப் பிறகு செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்த கூட்டு, பழப்புளிக் கரைசல், கடைசியாக ஒடியல் மா. மா விழுந்த பிறகு துழாவுகிற கை நிற்கக்கூடாது, நின்றால் கட்டிபட்டு அடிப்பிடித்துவிடும். ஆகவே ஆள் மாறி ஆள் துழாவ வேண்டும், அகப்பை அத்தானிடமிருந்து மச்சானுக்கும் மச்சானிடமிருந்து கனடாப் பெட்டைக்கும் கை மாறும், "உறைப்புக் காணாது", "புளி கூடிப்போச்சு" என்று ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. இறக்குகிற நேரம் முருங்கையிலை.

குடிக்கப் பிளா வேண்டும். பெரியப்பா வளவுக்குள் போய் ஒரு பனையோலையை வெட்டிக்கொண்டு வந்து, ஈர்க்கைக் கிழித்து, ஓலையை மடித்துக் குவித்து ஒரு நுனியை மற்றதுக்குள் செருகிக் கட்டுவார். பக்கத்தில் இருந்து செய்கிற பிள்ளைகளின் முதல் பிளா ஒழுகும், இரண்டாவதும் ஒழுகும். "மடிப்பை இறுக்கிப் பிடி மோனை" என்று அவர் அந்தச் சின்னக் கையைப் பிடித்து மடித்துக் காட்டுவார். நெடுந்தீவுப் படகில் இருந்திருந்தால் அந்த நேரம் கிடைத்திருக்காது.

கூழ் குடித்த பிறகு யாரும் எங்கேயும் போக முடியாது, விறாந்தையில் பாயைப் போட்டுப் படுக்க வேண்டியதுதான். அதுவும் நல்லதே, இரவு முழுக்க பஸ்ஸில் இருக்கப் போகிறவர்களுக்குப் பகல் நித்திரை ஒன்று வேண்டும். நாலரைக்கு எழும்பிக் கிணற்றடியில் தலைக்குத் தண்ணி வார்த்தால் உடம்பு இலேசாகிவிடும். படுக்க மனமில்லாத இளசுகள் ஐந்து மணிபோல யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போகட்டும், போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய கோட்டை, கொத்தளத்தில் ஏறினால் பண்ணைக் களப்புக் காற்று முகத்தில் அடிக்கும், பஸ் நிலையத்துக்கும் கிட்ட, பெரியவர்கள் பொதிகளோடு வரும்போது அங்கேயிருந்தே வந்து சேரலாம்.

கீரிமலை, நல்லூர், பொது நூலகம் எல்லாம் நல்ல இடங்கள்தான், அவற்றை மற்ற நாட்களில் போடுங்கள். சாமான் வாங்குவதையும் அப்படியே. மிளகாய்த்தூள், புழுக்கொடியல், பனங்கட்டி, பருத்தித்துறை வடை, கருவாடு எல்லாம் முந்தின நாளே வாங்கிக் கட்டி நிறுத்துப் பார்த்துவிட வேண்டும், கடைசி நாளில் சந்தைக்குள் இறங்கினால் பகலே போய்விடும், ஞாயிற்றுக்கிழமை என்றால் நகரத்தில் பல கடைகள் பூட்டு வேறு. ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுச் சாமான் எதைக் கொண்டுபோனாலும் அங்கே இறங்கும்போது படிவத்தில் எழுதிக் காட்டத்தான் வேண்டும், ஆகையால் எதை எங்கே கட்டினோம் என்று ஒரு துண்டில் குறித்து வையுங்கள்.

இந்தத் திட்டம் எல்லாருக்கும் பொருந்தாது. பலாலியிலிருந்து சென்னைக்குப் பிளேன் ஏறுகிறவர்களுக்கும் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் ஏறுகிறவர்களுக்கும் பயணம் பகலில்தான், அவர்களுக்குக் கடைசி நாள் என்பது பயணத்துக்கு முந்தின நாள், கடலையும் கூழையும் அன்றைக்கு வையுங்கள். கடைசி நாள் வெள்ளிக்கிழமையாக வந்தால் பல வீடுகளில் மச்சம் இல்லை, அப்போது நண்டுக் கூழ் எடுபடாது. அப்படிப்பட்ட நாளுக்கு நயினாதீவு நல்ல பொருத்தம், காலையில் அம்மன், மத்தியானம் அன்னதானம், மூன்று மணிக்குள் வீடு. ஐந்து வயதுக்குக் கீழே இரண்டு பிள்ளைகள் இருந்தால் நான் சாட்டியையே சொல்லுவேன், வெள்ளி என்றாலும் சரி. பதின்ம வயதுப் பிள்ளைகள் மட்டும் என்றால், சோளகக் காலம் என்றால், கிழமை நாள் என்றால், கசூரினாவுக்கு விடிய எழும்பிப் போகலாம், அந்த நீலத்தண்ணியைப் பார்க்க அவர்கள் எழும்புவார்கள்.

ஆவணியில் வருகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நல்லூர்த் திருவிழா 25 நாள், அந்த நாட்கள் முழுவதும் மச்சம் சமைக்காத வீடுகள் யாழ்ப்பாணத்தில் ஏராளம். அப்போது மீனும் நண்டும் இல்லாமல் மரக்கறி போட்ட சைவக் கூழ் காய்ச்சலாம், பலாக்கொட்டையையும் பயிற்றங்காயையும் கூடப் போட்டால் அதற்கும் ஒரு தனி ருசி. தேரும் தீர்த்தமும் முடிந்த கையோடு வெளிக்கிடுகிற சனம் அதிகம் என்பதால் இரவு பஸ்ஸிலும் ரயிலிலும் இடம் கிடைப்பது கஷ்டம், ஊருக்கு வந்து இறங்கின அன்றைக்கே திரும்புகிற சீற்றைப் பதிந்துவிடுங்கள், பிள்ளைகளோடு போகிறவர்கள் பின் சீற்றை எடுக்காதீர்கள்.